மின்னலுக்குக் கட்டிய கம்பி

என் ஆன்டெனாவை வெட்டிச் சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. ஆனால் நியாயமாகப் பார்த்தால் என் கோபத்தில் அவர்களுக்கு மூன்றாவது இடம்தான். இரண்டாவது இடம் பக்கத்து நிலத்துக்காரருக்கு. முதல் இடம் என்னைப் பெற்ற நைனாவுக்கு.

செஞ்சியில் நான் என்ன படிக்கிறேன் என்று கேட்காதவர்கள் இல்லை. பதிலை முழுசாகக் கேட்டவர்களும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் "வானத்துல இன்னாமோ படிக்குதாம்" என்பதோடு விஷயம் முடிந்துவிடும். கோள்களைச் சுற்றியிருக்கும் காந்தமண்டலம் என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னதற்கு, எதிர்வீட்டு அம்மா தன் மகளின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சனியைச் சுற்றி எலக்ட்ரான்கள் எப்படிச் சிதறுகின்றன என்று எனக்குத் தெரியும், உங்கள் பெண் கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். அதற்காக அம்மா என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

இங்கே யாரும் கேட்காததால் நான் சொல்லியே ஆகவேண்டும். பூமிக்கு மேலே, காற்று அநேகமாகத் தீர்ந்துபோன உயரத்தில், பூமியின் காந்தப்புலம் ஒரு கூண்டு மாதிரி நிற்கிறது. அதற்குள் எலக்ட்ரான்கள் அகப்பட்டுக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழன்றபடியே வடக்கே ஓடும். துருவத்தை நெருங்க நெருங்கக் காந்தம் இறுகும், அது தள்ளிவிடும், திரும்பித் தெற்கே ஓடும். அங்கேயும் தள்ளிவிடும். ஒரு நொடிக்குள் சில தடவை இப்படிப் போய் வந்துவிடும். யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் வருஷக்கணக்கில் இப்படியே இருக்கும்.

தொந்தரவு செய்வது அலைகள். அந்த உயரத்தில் இருப்பது வெறும் சூன்யம் அல்ல, பிளாஸ்மா. அதில் மின்காந்த அலைகள் ஓடிக்கொண்டே இருக்கும். சில அங்கேயே பிறந்தவை. சில இங்கே, நம் தலைக்கு மேலே அடிக்கிற மின்னலில் பிறந்து மேலே கசிந்தவை. ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டால் உச்சத்தில் ஆரம்பித்து வழுக்கிக்கொண்டே இறங்கும் விசில் மாதிரி இருக்கும். எலக்ட்ரான் சுழலும் வேகமும் அலையின் துடிப்பும் ஒத்துப்போகிற கணத்தில் அலை அதன் போக்கைக் கொஞ்சம் திருப்பிவிடுகிறது. கொஞ்சம்தான். ஒரு தடவையில் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் மறுபடி சந்திக்கும், மறுபடி திரும்பும். ஒருநாள் கோணம் சாய்ந்துவிடும். எப்போதும் தள்ளிவிடுகிற இடத்தில் இந்தத் தடவை தள்ளிவிடாது. எலக்ட்ரான் நேரே காற்றுக்குள் இறங்கி அழிந்துபோகும். இதைத்தான் அலை துகளைச் சிதறடிக்கிறது என்கிறோம். வியாழனிலும் இதுதான் நடக்கிறது, சனியிலும் இதுதான். என் ஆய்வு இதில் மின்னலுக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பற்றியது.

அதற்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரு அமைதியான இடம். மேலே போகும் செயற்கைக்கோள் விசிலைப் பிடித்துக்கொடுக்கும். அது எந்த மின்னலில் பிறந்தது, அந்த மின்னல் எவ்வளவு பலமானது என்று கீழே இருந்து யாராவது சொல்லவேண்டும். மின்னலின் ரேடியோ அலையைப் பிடிக்கச் செம்புக் கம்பியைச் சதுரமாகப் பல சுற்றுச் சுற்றிய ஒரு சட்டம் போதும். ஆனால் பக்கத்தில் கரண்ட் லைன் இருந்தால் அதன் உறுமல் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். பல்கலைக்கழக வளாகத்தில் அது நடக்காத காரியம். எங்கள் கடலைக்காடு ஞாபகம் வந்தது.

எங்களுடையது என்று சொன்னாலும் சொந்தம் இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொந்த நிலம் இருந்ததில்லை. வெளியூரில் இருக்கிற ஒருவருடைய நிலத்தை நைனா குத்தகைக்குப் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். தொண்டூர் போகும் வழியில், பாறைக் குன்றின் அடிவாரத்தில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த நிலம். கிணற்று மோட்டார்களுக்கு வரும் ஒற்றை லைனைத் தவிரப் பக்கத்தில் வேறு கம்பி கிடையாது. அதிலும் மோட்டார் ஓடத் தேவையான மும்முனை கரண்ட் முறை வைத்துத்தான் வரும். ஒரே ஒரு சங்கடம், ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவே இன்னொருவர் நிலம். அவருடைய வரப்பு வழியாகத்தான் போகவேண்டும். போகலாம் என்று அவர் எப்போதோ சொல்லியிருந்தார். வேண்டாம் என்றும் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஆடி மாதத்தில் சட்டம் கட்டினோம். சவுக்குக் கழிகளை நட்டு, அவற்றின்மேல் ஆள் உயரத்துக்கும் அதிகமான சதுரம். நைனாதான் குழி தோண்டினார், கழிகளை நேராக நிறுத்தினார், கம்பியை முறுக்கேற்றிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவே இல்லை. பாறை நிழலில் ஒரு பெட்டியில் ரிசீவரும் பேட்டரியும் வைத்தேன். இரண்டு மாலைகளில் செங்கல்பட்டுப் பக்கம் எங்கோ இடித்த மழையைக்கூடப் பிடித்துவிட்டேன். மடிக்கணினியில் ஒவ்வொரு மின்னலும் நட்டுவைத்த குச்சி மாதிரி நேர்கோடாக நின்றது. சந்தோஷத்தில் என் ஆய்வு கைடுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன்.

அதன்பின் உறுமல் ஆரம்பித்தது. பகல் முழுக்கப் பதிவு சுத்தமாக இருக்கும். இருட்டியதும் படத்தின் அடியில் கரண்டின் துடிப்பும் அதன் மடங்குகளும் அலமாரித் தட்டுகள் மாதிரி அடுக்கடுக்காக வந்து உட்காரும். விடிந்ததும் காணாமல் போகும். மோட்டார் என்று முதலில் நினைத்தேன். மோட்டார் ஓடாத நாளிலும் வந்தது. இடி இடிப்பதே சாயங்காலத்துக்கு மேல்தான். என் வேலை நேரம் முழுவதையும் அது தின்றது. கைடு போனில், இடத்தை மாற்று, இந்தப் பருவத்தை விட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்கவேண்டும், உன் ஃபெலோஷிப் அதுவரை இருக்காது என்றார். அவருக்கு அங்கே ஏசி அறையிலிருந்து சொல்லச் சுலபம்.

இடத்தை மாற்றுவதற்கு முன்னால் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். உடைந்த பிளாஸ்டிக் கூடையின் விளிம்பில் கம்பி சுற்றி, கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்ன ஆன்டெனா செய்தேன். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கூடையைத் திருப்பினால், அதன் முகம் ஓசை வரும் திசைக்கு நேராக வரும்போது ஓசை அடங்கும். இரண்டு மூன்று இடத்தில் நின்று பார்த்தால் திசை தெரிந்துவிடும். ஒரு சாயங்காலம் நைனா மோட்டார் கொட்டகையில் இருக்க, நான் உறுமலைத் தேடிக்கொண்டு ரோட்டுப் பக்கமிருந்து வரப்பில் நடந்தேன்.

நடக்க நடக்க ஓசை ஏறியது. ஒரு கட்டத்தில் கூடையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அடங்கவில்லை. காதே வலித்தது. நின்று போன் டார்ச்சைப் போட்டேன். முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் கட்டுக்கம்பி ஒன்று போய்க்கொண்டிருந்தது. குச்சிகளில், பழைய பாட்டிலின் கழுத்துகளில் சுற்றி, பக்கத்து நிலத்தைச் சுற்றி வளைத்து, வரப்பையும் குறுக்கே தாண்டிப் போனது. ஈரப்புல் பட்ட இடத்தில் லேசாகச் சீறியது. பன்றிக் கம்பி. காட்டுப்பன்றிக்காகக் கரண்டைக் கொக்கி போட்டு எடுத்து வயலைச் சுற்றி ஓடவிடுகிற கம்பி. எங்கள் பக்கத்தில் இதில் மாட்டிச் செத்தவர்களைப் பற்றிக் கேள்விப்படாத வீடு கிடையாது. அடுத்த காலை எடுத்து வைத்திருந்தால் நானும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பேன்.

அப்படியே நின்றுகொண்டிருக்கும்போது நைனா மோட்டாரைப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கமிருந்து வந்தார். நான் கத்துவதற்குள் கம்பியிடம் வந்துவிட்டார். நிற்கக்கூட இல்லை. லுங்கியை ஒரு கையால் தொடைக்கு மேலே சுருட்டிப் பிடித்து, காலைத் தூக்கி, வாசற்படியைத் தாண்டுவதுபோல் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். "இங்க இன்னா பண்ற, வா போலாம்" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனையோ வருஷமாகத் தெரிந்திருக்கிறது. விடியலுக்கு முன்னால் கரண்ட் வருகிற நாட்களில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து, அந்தக் கம்பியைத் தாண்டிப் போய் மோட்டார் போட்டு, மறுபடி தாண்டி வீட்டுக்கு வந்து, நான் நீட்டிய டீயைக் குடித்திருக்கிறார். ஆன்டெனா கட்ட நான் இடம் பார்த்த அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. இருட்டியதும் வீட்டுக்குக் கிளம்பு, கிளம்பு என்று என்னை விரட்டிக்கொண்டிருந்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அவர் விரட்டாத ஒரே நாள் அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். நைனாவைவிட வயதில் சின்னவர். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். படித்த பெண் என்று நாற்காலிகூடப் போடச் சொன்னார். பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் கடலை முழுக்கப் போய்விடும், ஆபீஸில் எழுதிக்கொடுத்தால் யாரும் வருவதில்லை, ஊரில் யார்தான் போடவில்லை என்றார். எல்லாம் உண்மைதான். நான் எங்கள் நைனா அந்த வழியாகத்தானே வருகிறார் என்று கேட்டேன்.

"பன்னிக்கு வெச்சதும்மா. மனுசனுக்கா வெச்சேன்? உங்க அப்பனுக்குத் தெரியும். தாண்டி வருவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நைனாவை அவர் அவன் இவன் என்று சொல்வது எனக்குப் புதிதில்லை. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து நைனாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்ன காரணங்களைக் கேட்டு என் கோபம் இன்னும் ஏறியது. பக்கத்து நிலத்துக்காரர் கம்பி போடுவதால் பன்றி நம் பக்கமும் வருவதில்லை. வழி அவருடையது. கேட்டால் வழியை அடைத்துவிடுவார். கம்பி எங்கே இருக்கிறது என்று என் காலுக்குக் கண்ணைவிட நன்றாகத் தெரியும். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "இத்தினி வருசமா ஒண்ணும் ஆகலியே" என்றார்.

இந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. நான் ஐந்து வருஷமாகக் கண்விழித்துப் படித்தது இந்த ஒரு வாக்கியத்துக்கான பதிலை. நான் பார்க்கும் ஒவ்வொரு எலக்ட்ரானும் அதைத்தான் சொல்லும். போன தடவை ஒன்றும் ஆகவில்லை, அதற்கு முந்தின தடவையும் ஆகவில்லை. அதனால் அடுத்த தடவையும் ஆகாது என்று சொல்ல உலகத்தில் எந்தக் கணக்கும் கிடையாது. ஒவ்வொரு தாண்டலிலும் கொஞ்சமே கொஞ்சம் ஆபத்து. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. தாண்டிக்கொண்டே இருந்தால் என்றாவது ஒருநாள் நிச்சயம். என்றைக்கு என்பதைத்தான் சொல்லமுடியாது. ஒருநாள் லுங்கி நுனி நனைந்து தொங்கும். ஒருநாள் கம்பி ஒரு சாண் மேலே கட்டியிருக்கும். யானைக்கும் அடி சறுக்கும், நைனாவின் கால் சறுக்காதா?

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன், எலக்ட்ரானையும் சேர்த்துத்தான். அவர் பொறுமையாகக் கேட்டார். சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு மோட்டார் பெல்ட் வாங்கக் கிளம்பிப் போனார்.

கரண்ட் ஆபீஸுக்குப் போனேன். அது அமாவாசை வாரம். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக நிற்க, ஊரே கூட்டத்தில் பிதுங்கியது. எங்கள் ஆட்கள் எல்லாரும் கோயில் டியூட்டியில் இருக்கிறார்கள், அமாவாசை கழித்து வா என்றார்கள். அம்மனுக்கு வெளிச்சம் வேண்டும்தான். அதுவரைக்கும் நைனா தாண்டிக்கொண்டிருக்கவேண்டும். கழித்தும் போனேன். எழுதிக் கொடுத்தேன். யார் நிலம் என்று கேட்டார்கள். சொன்னதும் அங்கே இருந்த ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பதில் தெரிந்திருக்கவேண்டும். நாங்கள் வந்து பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வந்தார்கள். நல்ல வெயிலில், காலை பத்து மணிக்கு மேல். பன்றிக் கம்பியை யாரும் பகலில் விட்டுவைப்பதில்லை, விடிந்ததும் சுருட்டிவிடுவார்கள். நட்ட குச்சிகள் மட்டும் நிற்கும். அன்றைக்கு அந்தக் குச்சிகள்கூட வெறுமையாக இல்லை. குச்சிக்குக் குச்சி பழைய புடவை கட்டியிருந்தது. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக, திருவிழாத் தோரணம் மாதிரி நிலத்தைச் சுற்றிப் புடவை வேலி. பன்றி நிறத்தைப் பார்த்து மிரளும் என்று எங்கள் பக்கத்தில் கட்டுவது உண்டு. முந்தின நாள் வரைக்கும் அங்கே ஒரு கந்தல்கூட இல்லை. அவர்கள் வருவது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

வந்தவர்களில் பெரியவர் புடவைகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு நிமிர்ந்து எங்கள் நிலத்தைப் பார்த்தார். அங்கே வெயிலில் பளபளவென்று என் செம்புக் கம்பி நின்றது. கழி நட்டு, கம்பி சுற்றி, கடலைக்காட்டின் நடுவில். எங்கள் பக்கத்தில் கடலைக்குள் கழி நட்டுக் கம்பி கட்டியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

இது கரண்ட் கம்பி இல்லை சார், எதிலும் சேர்த்திருக்கவில்லை, பேட்டரி மட்டும்தான், தொட்டுப் பாருங்கள் என்று நான் தொட்டே காட்டினேன். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிற கம்பியில் எந்தப் பன்றி வந்து முட்டும் என்று கேட்டேன். மின்னலின் அலையைப் பிடிக்கிறது என்று சொன்னதும் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மின்னலை இழுத்து ஊர்மேலே விடுறியா என்றார் ஒருவர். பெரியவருக்கு நிஜமாகவே புரியவில்லையா, புரியாததுபோல நடித்தாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. மடிக்கணினியைத் திறந்து அவரிடம் ராத்திரி உறுமலின் படத்தைக் காட்டினேன். இருட்டியதும் வருகிறது பாருங்கள், விடிந்ததும் போகிறது பாருங்கள் என்றேன்.

"கம்ப்யூட்டர்ல இன்னா வேணா வரையலாம்மா. கம்பி கட்டுன எல்லாரும் இப்டித்தான் கத சொல்லுவாங்க. அவரு நெலத்துல கம்பியே கெடயாது, நான் கண்ணால பாத்துட்டேன். ஆபீஸ்லயும் அதத்தான் எழுதுவேன்."

பக்கத்து நிலத்துக்காரர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். இளநீர் வெட்டச் சொன்னார்.

பிறகு வெட்டினார்கள். இளநீரை மட்டும் அல்ல. கட்டிங் பிளேயரை எடுத்துச் சதுரத்தின் நாலு மூலையிலும் வெட்டி, கம்பியை உருவி, சுருட்டி, ஜீப்பின் பின்னால் எறிந்தார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அன்றைக்கு அந்த ஆண்டி நான். நான் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் நைனா முன்னால் வந்தார். எனக்காகப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க சார், படிச்ச பொண்ணு, தெரியாம கட்டிடுச்சு" என்றார்.

அந்த ஜீப் போனபிறகு நான் நைனாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். கைடிடம் போன் செய்து பதிவு நின்றுவிட்டது என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். அந்த வாரம் முழுக்கச் சாயங்காலமானால் மேல்மலையனூர் பக்கம் மின்னல் வெட்டிக்கொண்டே இருந்தது. என் செயற்கைக்கோள் மேலே போய்க்கொண்டே இருந்தது. கீழே கேட்பதற்கு என்னிடம் ஒரு முழம் கம்பி இல்லை. புடவைகளை அவிழ்த்துவிட்டுப் பன்றிக் கம்பியை மறுபடி கட்டிவிட்டார்கள் என்று அம்மாதான் சொன்னாள்.

மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. இடி இடிக்கும், இரண்டு தூறல் போடும், வேறு ஊருக்குப் போய்விடும். கடலை காய் பிடிக்கிற நேரம், தண்ணீர் விட்டே ஆகவேண்டும். ஒரு சாயங்காலம் மும்முனை கரண்ட் வந்துவிட்டது என்று நைனா மொபெட் சாவியைத் தேடினார். சாவி என் கையில் இருந்தது. நானும் வருகிறேன் என்றேன், பேச்சை நிறுத்தியபிறகு அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வேண்டாம் என்றார். நான் போய் மொபெட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

போய்ச் சேரும்போது இருட்டிக்கொண்டு வந்தது, மண் நனையாத தூறல். வரப்பில் நைனா முன்னால், நான் பின்னால். கம்பிக்கு முன்னால் நின்றோம். சீறல் கேட்டது. பன்றி சீக்கிரம் இறங்குகிறது என்று அன்றைக்குச் சீக்கிரமே கொக்கி போட்டிருக்கிறார்கள். நைனா லுங்கியைச் சுருட்டினார். நான் அவரைத் தாண்டிக்கொண்டு முன்னால் போனேன்.

"நீ இங்கயே நில்லு நைனா. நான் போய் மோட்டார் போட்டுட்டு வரேன்."

சுடிதாரைச் சுருட்டிப் பிடித்துக் காலைத் தூக்கினேன். விளையாட்டுக்குச் செய்யவில்லை, தாண்டத்தான் போனேன். அவ்வளவு வெறி எனக்கு. நைனா என் தோளைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். அவர் என்மேல் அப்படிக் கை வைத்ததே இல்லை. வரப்பு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்? ஒண்ணும் ஆகாதுன்னு நீதான சொன்ன?"

"அது எனக்கு."

"கரண்டுக்கு உன்ன மட்டும் அடையாளம் தெரியுமா?"

அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. என்னைத் தூக்கிவிடக்கூட இல்லை. திடீரென்று திரும்பி, கம்பியின் ஓரமாகவே பக்கத்து நிலத்துக்காரரின் மோட்டார் கொட்டகைக்கு நடந்தார். கொக்கி போடுவதற்கென்று காய்ந்த மூங்கில் ஒன்று அங்கே சாய்த்து வைத்திருக்கும். அதை எடுத்து, லைனில் தொங்கிய கொக்கியைத் தட்டி இறக்கினார். சீறல் நின்றது. மூங்கிலாலேயே கம்பியைத் தரையோடு அழுத்திப் பார்த்தார். பிறகு கையால் பிடித்தார்.

அதன்பின் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. குச்சி குச்சியாகப் பிடுங்கிக்கொண்டே போனார். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடித்தார். பாட்டில் கழுத்துகளைப் பாறையில் அடித்தார். எனக்குத்தான் கோபம் வரும், நைனாவுக்கு வராது என்று பிறந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எழுந்து நானும் போய்ப் பிடுங்கினேன்.

சத்தம் கேட்டு பைக் வெளிச்சம் வந்தது. யார்றா அது என்று கத்திக்கொண்டே வந்த பக்கத்து நிலத்துக்காரர், வெளிச்சத்தில் நைனாவைப் பார்த்து நின்றார். நைனா கையில் சுருட்டிய கம்பியோடு அவருக்கு நேராக நின்றார். எவன் கம்பியை எவன் எடுக்கிறது, ஆபீஸில் சொல்லி உன்னை உள்ளே தள்ளுகிறேன் பார் என்று அவர் ஆரம்பித்தார்.

"தாராளமா சொல்லுங்க அய்யா. நான்தான் அறுத்தேன்னு சொல்லுங்க. எந்தக் கம்பின்னு கேப்பாங்க. உங்க நெலத்துல கம்பியே இல்லன்னு அவங்களே பாத்து எழுதிக்கினு போயிருக்காங்க."

அவர் ஆபீஸ் பேச்சை அதோடு விட்டார். பிறகு, நாளையிலிருந்து இந்த வரப்பில் கால் வைக்கக்கூடாது என்றார். சரிங்க என்றார் நைனா. கம்பிச் சுருளை அவர் பைக்கின் முன்னால் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். மோட்டாரைப் போடவில்லை.

வேறு வழி இல்லாததால் அந்த நிலத்துக்குள் நாங்கள் மறுபடி போகவில்லை. குத்தகையும் போனது. காய் பிடித்துக்கொண்டிருந்த கடலை நின்ற இடத்திலேயே காய்ந்தது. என் பதிவும் அந்தப் பருவத்தோடு போனது, ஆய்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. நைனா இருக்கிறார். ஒரு மனிதர் இருட்டில் நடந்து போய் உயிரோடு வீடு திரும்ப இத்தனையையும் கொடுக்கவேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.